முதுகுத் திண்டைக் காணோம்

காலை ஆறு நாற்பது. விமானத்தின் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது இருக்கையில் இருந்த முதுகுத் திண்டைக் காணோம்.

திண்டுதானே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். எட்டு மணிக்கு அவளுக்குத் தேர்வு. இரட்டை என்ஜின் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் உரிமத்துக்கான தேர்வு. நடுவானில் ஓர் என்ஜினை நிறுத்துவார்கள். விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். மறுபக்க மிதியைக் கடைசிவரை மிதித்தால்தான் நேராகும். அவளோ பயிற்சிப் பள்ளி முழுக்க 'பொடிசு' என்று கூப்பிடும் உயரம். சோபா தைக்கும் அவள் கணவர் கெட்டிப் பஞ்சு அடைத்து அளவாகத் தைத்த திண்டு முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் கால் எட்டும். சட்டையை மடித்து வைத்தால் அமுங்கிவிடும்.

"அந்த நெட்டைதான். வேற யாரு?" என்றார் கூடவே வந்திருந்த கணவர்.

அவளோடு பயிற்சி பெறும் நெட்டைக்கும் இன்றுதான் தேர்வு, மதியம். பள்ளியில் காலியாக இருப்பதோ ஒரே ஓர் ஆசிரியர் வேலை.

"மெதுவா பேசுங்க. தேர்வாளர் ஆபீஸ்ல இருக்காரு. காதுல விழுந்துச்சுன்னா, தயாராகாம வந்துட்டேன்னு திருப்பி அனுப்பிடுவாரு."

தேர்வாளர் இவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். வணக்கம் சொன்னபோது நாற்காலியை விட்டு எழவில்லை. "நாலு மணி நேரம் கார் ஓட்டினேன்மா, இடுப்பு கழண்டுடுச்சு," என்றவர் முகத்தில் வலியே இல்லை. அப்படியொரு சுகம்.

நெட்டை விமானக் கொட்டகை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கேள்வி நறுக்கென்று கேட்கக் கிளம்பியவள் பாதி வழியில் நின்றாள். எந்த என்ஜின் நின்றதென்று தோன்றினாலும் உடனே அதை அணைத்துவிடாதே, லீவரை மெல்ல இழுத்துச் சோதித்துப் பார். சாப்பாட்டு மேசை நாற்காலிகளையே விமானமாக்கி, கணவரை மாணவனாக்கி, இதைத்தானே மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தாள்? அவசரத்தில் நல்ல என்ஜினை அணைத்தவர்கள் உண்டு.

திரும்பிப் போய் விமானத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நேற்று பெருக்கி முடித்ததும் இரண்டு இருக்கைகளையும் முன்னால் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். வலது இருக்கை அப்படியே இருந்தது. இடது இருக்கை பின்னால் நகர்ந்திருந்தது.

அவள் சிரித்துவிட்டாள்.

"நெட்டை இல்லைங்க. அவன் காலுக்கு, உக்காந்திருந்தா வலது சீட்டைப் பின்னால தள்ளியிருப்பான்."

"ஏன், உக்காராமலே எட்டி எடுத்திருக்கலாமே?"

"எடுக்கலாம். அப்போ இடது சீட்டை நகர்த்தினது யாரு? நானும் அவனும் ஆசிரியராகப் போறவங்க. எங்களுக்கு வலது சீட்டுதான். இடதுல மாணவன்தான் உக்காருவான். இன்னைக்கு மாணவனா நடிக்கப்போறது யாரு?"

கணவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் நேராக அலுவலகத்துக்குள் போனாள். தேர்வு முடிவு அவர் கையில். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிறது என்னோட திண்டு."

தேர்வாளர் தடவிப் பார்த்து, வெளியே எடுத்து, அசடு வழிந்தார். "விமானத்துக் காகிதமெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க ஏறி உக்காந்தேன்மா. பக்கத்துல இருந்துச்சு, முதுகுக்கு வெச்சேன், சொர்க்கம்! விமானத்தோடதுன்னு நெனச்சு கையோட கொண்டு வந்துட்டேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சொன்னாள். அவர் திண்டை மனசில்லாமல் நீட்டினார்.

ஒன்பது மணிக்கு மேகத்துக்கு மேலே இருந்தார்கள். இடது என்ஜின் நின்றது. அவள் வலது மிதியைக் கடைசிவரை மிதித்தாள். விமானம் நேரானது. இடது இருக்கையில் தத்தி மாணவனாக நடித்த தேர்வாளர், பதறியதுபோல வலது என்ஜின் லீவரைப் பிடித்து இழுக்கப் போனார். பளீரென்று அவர் கையில் ஓர் அடி விழுந்தது.

"கையை எடுங்க! நல்லா ஓடுற என்ஜினைப் போய் அணைக்கிறீங்களே, அறிவிருக்கா?"

சொன்ன பிறகுதான் யாரை அடித்தோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தேர்வாளர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார்.

"இறங்கலாமா, டீச்சர்?"