மூன்றாம் வகுப்புச் சுவர்

டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து நின்றாள். கையிலிருந்த பையை நாற்காலியில் வீசினாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் இல்லை.

"அத்தை, என்னை வேலையிலிருந்து நிறுத்தி வச்சிருக்காங்க."

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்றைக்கும் இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் பேர். எதிரில் இருப்பவரின் குரல் ஏற ஏற அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும்.

"யாரு நிறுத்தினது?"

"நிர்வாகக் குழு. தலைவர் தீர்மானத்தை வாசிச்சார், எல்லாரும் கை தூக்கிட்டாங்க. ஹெட்மாஸ்டர் குனிஞ்ச தலை நிமிரலை. எனக்காக ஒரு வார்த்தை பேசணும்னு அவருக்குத் தோணலை பாருங்க."

உள்ளறையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் பொழுது போகாமல் தவித்துக்கொண்டிருப்பவர். மனைவியைத் தேடி வழக்கு வந்தால் அவருக்குக் காய்ச்சலே பறந்துவிடும். அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து சொல்லும்மா. ஒண்ணு விடாம."

டீச்சர் சொன்னாள். பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தில் மூன்றாம் வகுப்பின் வெளிச்சுவர் மைதானத்தைப் பார்த்தது. அதில் அன்பு, உண்மை, துணிவு, பொறுமை என்று நான்கு சொற்களை மார்பளவு உயரத்தில் பிள்ளைகளே வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதி சொல்வார். இன்று காலை பள்ளி திறந்தபோது இரண்டாவது சொல்லைக் காணவில்லை. தலைக்கு மேலிருந்து தரைவரை அந்த இடம் முழுக்கக் கருப்பு பெயிண்ட். கரும்பலகைக்கு அடிக்கிற அந்த பெயிண்ட் டப்பா டீச்சரின் அலமாரியில் இருந்தது. அந்த அலமாரியின் பூட்டு உடைந்து வெகு நாளாகிறது என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

"பூட்டே இல்லாத அலமாரியா? அது போதுமா உன் மேல பழி போட?" என்றார் அத்தை.

டீச்சரின் முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல கத்திட்டேன் அத்தை. என் வகுப்புக் கதவு போன மழையிலேருந்து மூட மாட்டேங்குது. மேலே இடிக்குது, கீழே சந்து விடுது. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஆனா கல்வி அதிகாரிக்குக் கொடுக்கிற அறிக்கையில எல்லா வகுப்பறையும் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'சுவத்துல உண்மைன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அதை முதல்ல அழிங்க'ன்னுட்டேன்."

"போச்சு. நீயே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டே" என்றார் மாமா, வருத்தத்தைவிட ஆர்வம் அதிகமாக.

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். "அதிகாரி எப்போ வர்றார்?"

"நாளன்னைக்கு. மாதிரிப் பள்ளின்னு பட்டயம் கொடுக்கப் போறாங்களாம். அதுக்காக நாளைக்கு மத்தியானமே பெயிண்டர் வந்து அந்தச் சுவர் முழுக்க வெள்ளை அடிச்சிடுவார்."

"முழுச் சுவருமா?"

"ஆமா. பிள்ளைங்க எழுதின மத்த மூணும் சேர்ந்து போகும். அதுக்கும் நான்தான் காரணம்னு பேசுறாங்க."

அத்தை மடித்த புடவையை ஓரமாக வைத்தார். "உன் வகுப்புக்குள்ள சமீபத்துல எதையாவது மாத்தினாங்களா?"

"என்னத்தை மாத்தப் போறாங்க? ஹெட்மாஸ்டரோட பேத்தி என் வகுப்புதான். சுவரோரம் உட்கார்ந்தா குளிர் ஏறுதுன்னு அவரே வந்து அவளை எதிர்ப் பக்கம் மாத்தி உட்கார வச்சார். அவ்வளவுதான்."

மறுநாள் காலை மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வாய்ப்பாடு கேட்டது. தன் பிள்ளைகளின் குரலை வெளியே நின்று கேட்கும்போது டீச்சருக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

குழுத் தலைவர் பெயிண்டரை எதிர்பார்த்து முன்னதாகவே வந்திருந்தார். கட்டட ஒப்பந்தக்காரர். இந்தப் புதுக் கட்டடத்தைக் கட்டியதும் அவர்தான். "சட்டப்படி நடவடிக்கை எடுத்தாச்சு. உறவுக்காரங்க வந்து விசாரிக்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்லை" என்றார்.

"விசாரிக்க வரலைங்க. சுவரைப் பார்க்க வந்தேன்" என்றார் அத்தை.

மாமா மனைவியின் காதருகில் குனிந்தார். "ஆள் செருப்பைப் பாரு. ஓரமெல்லாம் வெள்ளைக் கறை. இவன்தான், எழுதி வச்சுக்கோ."

"வீடு கட்டுறவர் செருப்புல கறை இல்லாம இருந்தாத்தாங்க சந்தேகப்படணும்."

தலைமை ஆசிரியர் அலுவலறையிலிருந்து வேகமாக வந்தார். வெளுத்த சட்டை, கலையாத கிராப்பு, யாரையும் புண்படுத்தாத புன்னகை. டீச்சரைப் பார்த்து, "எனக்கு ராத்திரி தூக்கமே இல்லைம்மா" என்றார்.

அத்தை கருப்புத் திட்டின் முன்னால் போய் நின்றார். வெயில் பட்டு அது காய்ந்து மினுங்கியது. அவர் கையை நீட்டினார்.

"தொட்டுடாதீங்கம்மா" என்றார் தலைமை ஆசிரியர். "உள்ளே இன்னும் காயலை."

அத்தை கையை இழுத்துக்கொண்டார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு நடந்தார்.

வராந்தாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தலைப்பு, 'என் பள்ளி'. ஏறக்குறைய எல்லாரும் அந்தச் சுவரைத்தான் வரைந்திருந்தார்கள். அத்தை ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். மாமாவுக்குப் பொறுமை இல்லை.

"படம் பார்க்கவா வந்தோம்?"

"இந்தக் கோடு என்னன்னு பாருங்க."

பல படங்களில் இரண்டாவது சொல்லின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு நெளிந்த கோடு ஓடியது. ஒரு பிள்ளை பென்சிலால் போட்டிருந்தது, இன்னொன்று சிவப்பில்.

"மின்னல்" என்றார் மாமா.

"சூரியனுக்கே மீசை வரையுற பிள்ளைங்க அத்தை. ஏதாவது கிறுக்கியிருக்கும்" என்றாள் டீச்சர்.

"அத்தனை பேரும் ஒரே இடத்துலயா கிறுக்குவாங்க? காலைக் கூட்டத்துல நீங்கள்லாம் எங்க நிப்பீங்க?"

"சுவரோரமா, பிள்ளைங்களைப் பார்த்து."

"பிள்ளைங்க?"

"சுவரைப் பார்த்து..." என்று சொல்லும்போதே டீச்சரின் குரல் நின்றது.

அத்தை அவள் தோளைத் தொட்டார். "குழுவுல வேற யாராவது பக்கத்துல இருந்தா கூப்பிடு."

பால் பண்ணை அம்மாள் கூப்பிட்டதும் வந்துவிட்டார். குழுவில் பெற்றோர் சார்பில் இருப்பவர். மகன் மூன்றாம் வகுப்பு. டீச்சருக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சற்றுத் தள்ளி நின்றார்.

"இந்தப் பொண்ணு ஆத்திரத்துல வந்து ஒரு சொல்லை அழிச்சான்னே வச்சுக்குவோம்" என்று அத்தை தொடங்கினார். "ஆத்திரத்துல வர்றவ நாலு கோடு இழுப்பா, இல்லை டப்பாவைச் சுவத்துல வீசிட்டுப் போவா. இது அப்படி இல்லை. எழுத்து மார்பளவுலதான் இருக்கு. பெயிண்ட் தலைக்கு மேலேருந்து தரைவரைக்கும் இறங்கியிருக்கு. எழுத்தே இல்லாத இடத்துல எதை அழிக்க அவ்வளவு பாடு?"

அவர் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். தலைமை ஆசிரியர் ஒரு அடி முன்னால் வந்தார். மாமா எதேச்சையாக நிற்பதுபோல் அவருக்குக் குறுக்கே போய் நின்றார்.

சாவி முனை கருப்பில் அழுந்தியது. மேல்தோல் விரிந்தது. உள்ளிருந்து வெள்ளையாக, மெதுவாக, பசை பிதுங்கியது. அத்தை சாவியைக் கீழ்நோக்கி இழுத்தார். பசை கொத்தாக விழுந்தது. அதன் பின்னால் விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு தெரிந்தது.

"விரிசல். பிள்ளைங்க வரைஞ்ச கோடு இதுதான். கதவு இடிக்கிறதும் இதனாலதான். சுவர் இறங்கிக்கிட்டிருக்கு. வெறும் பட்டிப் பசை மட்டும் வச்சு அடைச்சா, வண்ண எழுத்துக்கு நடுவுல புது வெள்ளை பளிச்சுனு தெரியும். ஏன்னு கேள்வி வரும். அதனால மேல கருப்பை அடிச்சு, இவ ஆத்திரத்துல அழிச்ச மாதிரி..."

டீச்சர் மீதியைக் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே வகுப்பறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"நில்லுங்க" என்றார் குழுத் தலைவர். "நீங்க சஸ்பெண்ட்ல இருக்கீங்க. வகுப்புக்குள்ள கால் வைக்கக் கூடாது."

அவள் திரும்பினாள். "வந்து தடுத்துப் பாருங்க."

கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். "புத்தகத்தை எல்லாம் அப்படியே வைங்க. வரிசையா என் பின்னாடி வாங்க. ஓடக் கூடாது." பிள்ளைகள் டீச்சரைக் கண்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சுவரோர பெஞ்சிலிருந்து பால் பண்ணை அம்மாளின் மகன் கடைசியாக வந்தான், அவிழ்ந்த கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு. அம்மாள் அவனை வாரி எடுத்துக்கொண்டார். எட்டு வயதுப் பையன், வெட்கப்பட்டு நெளிந்தான். அவர் இறக்கிவிடவில்லை.

பிள்ளைகளை மைதானத்தின் மறு கோடியில், மரநிழலில் உட்கார வைத்துவிட்டு டீச்சர் திரும்பி வந்தாள். "இப்போ சொல்லுங்க அத்தை. யாரு?"

மாமா தலைவரை நோக்கி விரலை நீட்டினார். "கட்டினது இவர். மாட்டிக்கப் போறதும் இவர். வேற யாரு?"

"நானும் அப்படித்தான் நினைச்சேங்க, இங்க வர்ற வரைக்கும்" என்றார் அத்தை. பிறகு தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். "நான் சுவரைத் தொடப் போனப்போ என்ன சொன்னீங்க?"

"காயலைன்னு சொன்னேன். பெயிண்ட் கையில ஒட்டிக்குமேன்னு..."

"பெயிண்ட் காஞ்சுதான் இருந்துச்சு. நீங்க 'உள்ளே இன்னும் காயலை'ன்னீங்க. பெயிண்டுக்கு ஏதுங்க உள்ளே? கருப்புக்குப் பின்னாடி ஈரமா ஒண்ணு இருக்குன்னு அதை வச்சவருக்கு மட்டும்தான் தெரியும்."

தலைமை ஆசிரியர் கைக்குட்டையை எடுத்தார். "வாய் தவறி வந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு இப்படிச் சொல்றது நியாயமாம்மா?"

"வார்த்தை தவறி வரலாம். பேத்தியைத் தவறியா மாத்தி உட்கார வச்சீங்க?"

மரநிழலில் ஒரு பிள்ளை இருமுவது கேட்டது.

டீச்சருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். பேத்தியின் பையை இவரே தூக்கிக்கொண்டு, எதிர் வரிசையில் இடம் பார்த்து உட்கார வைத்தார். காலியான சுவரோர இடத்தைக் காட்டி, பால் பண்ணை அம்மாளின் மகனிடம், "நீ இங்க வந்துடுப்பா" என்று அன்பாகச் சொன்னார். அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"உங்க பேத்திக்கு ஆகாத சுவர் என் பிள்ளைங்களுக்கு ஆகுமா?" என்றாள். "உங்களை நான் அப்பா ஸ்தானத்துல வச்சிருந்தேன். தூக்கமில்லைன்னு என்கிட்டயே சொன்னீங்களே, எப்படி வாய் வந்துச்சு?"

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "இந்த வருஷத்தோட ஓய்வு பெறுறேன். பட்டயத்தோட போகணும்னு ஆசைப்பட்டேன். விடுமுறையில சரி பண்ணிடலாம்னு..." சட்டென்று தலைவரைப் பார்த்தார். குரல் மாறியது. "நான் மட்டுமா? உங்ககிட்ட ரெண்டு தடவை காட்டினேன். 'பட்டி பாருங்க, வாயை மூடுங்க, விரிசல் விட்டு எவனும் செத்ததில்லை'ன்னு சொன்னது யாரு?"

"நான் சுவத்துல கை வைக்கலை" என்றார் தலைவர்.

"வைக்கலைதான்" என்றார் அத்தை. "ஆனா உங்களுக்குக் காட்டின விரிசல் மேலேயே கருப்பைப் பார்த்ததும், யார் வேலைன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் இவ மேல பழியை வாசிச்சீங்க. முழுச் சுவருக்கும் வெள்ளை அடிக்க ஆளையும் கூப்பிட்டீங்க."

பால் பண்ணை அம்மாள் மகனை இறக்கிவிட்டார். தலைவரின் எதிரில் போய் நின்று, "பெயிண்டர் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புவேன்" என்றார். "அதிகாரி இந்தச் சுவரை இப்படியே பார்க்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட என் வீட்டுக்காரர் இருக்கார்."

அவர் நகரவில்லை. மத்தியானத்துக்குள் விஷயம் பரவி, மற்ற பெற்றோரும் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அதிகாரி வந்தபோது வகுப்பு மரநிழலில் நடந்துகொண்டிருந்தது. பொறியாளர் வந்து அடியில் தோண்டிப் பார்த்தார். அஸ்திவாரம் முழங்கால் ஆழம்கூட இல்லை. கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். தலைவர் மேல் வழக்குப் பதிவானது. தலைமை ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

மீதியிருந்த குழுவினர் டீச்சரைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். தேநீர் வைத்திருந்தார்கள், நாற்காலி போட்டிருந்தார்கள். 'தவறான புரிதலால் ஏற்பட்ட இடைநீக்கம் ரத்து செய்யப்படுகிறது' என்று எழுதியிருந்தது.

"இது தப்பு" என்றாள். "யாரும் தப்பாப் புரிஞ்சுக்கலை. பொய் சொன்னாங்க. நீங்க விசாரிக்காம கை தூக்கினீங்க. அப்படியே எழுதுங்க."

"அதான் எல்லாம் முடிஞ்சு போச்சேம்மா" என்றார் ஒரு பெரியவர். "உட்காருங்க, தேநீர் ஆறிடப் போகுது. கோபத்தை விடுங்க."

டீச்சர் கடிதத்தை மேசைமேல் வைத்து அவர்கள் பக்கம் தள்ளினாள். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் பால் பண்ணை அம்மாள்தான் அதைத் தன் பக்கம் இழுத்து, பேனா கேட்டு வாங்கி, முதல் வரியை அடித்தார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதி முடித்து எல்லாரும் கையெழுத்துப் போடும்வரை டீச்சர் உட்காரவில்லை.