முதல் கை

சுங்கச்சாவடித் தூணில் பிடரியை ஒட்டவைத்து நின்றான் கஸ்பார். தோலுக்கடியில் இருந்த அரிசியளவு மின்சில்லைத் தூண் படித்தது. பிறகு வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தது.

"தூக்கம் குறைவு. நேற்று மாலை மனைவியோடு வாக்குவாதம். இன்று உங்களுக்கு மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்."

பின்னால் நின்ற மிக்கேல் சிரித்தான். அவன் கஸ்பாரின் மனைவிக்கு அண்ணன்.

"என் தங்கச்சிகிட்ட வாயக் குடுத்தா முப்பது போச்சா வே? நேத்து நூத்திருவதுல்லா குடுத்துது."

"உங்க தங்கச்சியக் கெட்டுனவனுக்குத் தொண்ணூறு குடுத்ததே பெருசு மச்சான். ஏறுங்க."

வண்டி அன்றைக்குத் தொண்ணூறுக்கு மேல் போகாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல் அது அந்தக் காலத்து வழக்கம்.

கடற்கரை நெடுஞ்சாலையில் கார்கள் தாமாகவே ஓடின. உள்ளே இருந்தவர்கள் தூங்கினார்கள். இருசக்கர வண்டியைக் கையால் ஓட்டியவர்கள் கஸ்பார், மிக்கேல் போல உப்புச்சேறு அள்ளும் ஆட்கள் மட்டும்தான். வேம்பாருக்கு அப்பால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருந்தது. நல்ல தண்ணீர் குழாயில் போய்விடும். மிஞ்சிய கசப்புச் சேறு தொட்டிகளில் கெட்டிப்படும். முதலில் எந்திரங்களை இறக்கிப் பார்த்தார்கள். ஒரே பருவத்தில் மூட்டுகள் உப்பேறி இறுகிவிட்டன. மனிதனுக்குத் துரு ஏறாது, புண்தான் வரும், புண்ணும் ஆறிவிடும். ஆகவே மனிதர்களை இறக்கினார்கள்.

சட்டப்படி எல்லா வண்டிக்கும் காற்றில்லாச் சக்கரம்தான் இருக்க வேண்டும். அது வெடிக்காது, பஞ்சராகாது, கல்லைப்போல உழைக்கும். கல்லைப்போலவே இடுப்பையும் இடிக்கும். நாள் முழுக்கக் குனிந்து சேறள்ளியவனுக்குச் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் தெரியும். அதனால் ஆலை ஆட்கள் அந்தச் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் கிடக்கும் டியூப் டயர்களை மாட்டிக்கொண்டார்கள். வெயிலில் கிடந்து பாளம்பாளமாய் வெடித்த டயர்கள். தூண் மனிதனின் தூக்கத்தை அளந்தது, கோபத்தை அளந்தது. டயர் பக்கம் அது திரும்பவே இல்லை.

வைப்பாற்றுப் பாலம் தாண்டியதும் பின்டயர் வெடித்தது.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அடுத்த கணம் வண்டியின் பின்பாதி வலையில் அகப்பட்ட சுறாமாதிரி இடமும் வலமும் அடித்துக்கொண்டது. மிக்கேல் கஸ்பாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"பிரேக்கப் புடி வே! புடியும்!"

பிடித்தால் சாவு என்று கஸ்பாருக்குத் தெரியும். ஆலையின் உள்சாலையில் அப்படிப் பிடித்த இரண்டு பேரை அவனே புதைத்துவிட்டு வந்திருக்கிறான். முறுக்கியிருந்த கையை மெல்ல மெல்லத் தளர்த்தினான். கைப்பிடியோடு மல்லுக்கட்டவில்லை. அது ஆடுகிற ஆட்டத்தை ஆடவிட்டு, முன்சக்கரம் மட்டும் நேராகப் போகும்படி பார்த்துக்கொண்டான். வலக்கால் பிரேக்கை மிதிக்கத் துடித்தது. மிதிக்கவில்லை.

"ஆடாதீங்க மச்சான்! மூட்ட மாதிரி இருங்க!"

மிக்கேல் மூட்டையானான். டயர் ரப்பர் கிழிந்து கிழிந்து பறந்தது. வெறும் இரும்பு வளையம் சாலையைச் சீவித் தீப்பொறி கக்கியது. தொண்ணூறு எழுபதானது, எழுபது ஐம்பதானது. தூங்குகிறவர்களைச் சுமந்த கார்கள் அலுங்காமல் விலகி விலகிப் போயின. ஓரத்துக்கு வந்துவிட்டோம், பிழைத்துவிட்டோம் என்று கஸ்பார் மூச்சு விட்டபோது, வளையம் சாலையோர மணலில் புதைந்தது.

வண்டி இருவரையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது.

கஸ்பார் எகிறி விழுந்தான். தோளெலும்பு முறிந்த சத்தம் அவன் காதுக்குள்ளேயே கேட்டது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தான். மிக்கேலின் வலது கால் தொடைவரை வண்டிக்கடியில், சாலைத் தடுப்புக் கம்பியோடு நசுங்கிக் கிடந்தது. இருக்கைக்குக் கீழே மின்கலப் பெட்டி பிளந்து புஸ்ஸென்று சீறியது. வெள்ளைப் புகை வந்தது. அது கறுத்தால் தீதான். தீப்பிடித்தால் எலும்புகூட மிஞ்சாது.

"மாப்ள, சுடுது வே... காலு சுடுது..."

அப்போது சாலைத்துணைகள் ஓடி வந்தன.

கிலோமீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் வண்ணத்தில் நிற்கும் எந்திரங்கள் அவை. லாரி அச்சை ஒற்றைக் கையால் தூக்கும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. கார்கள் தாமே ஓடத் தொடங்கிய பிறகு அந்தச் சாலையில் விபத்தே நடக்கவில்லை. ஆகவே அவை தூக்கி யாரும் பார்த்ததில்லை. தோளில் காக்கை எச்சம் வழிய அவை விழுந்தடித்து ஓடி வந்ததைப் பார்த்ததும் கஸ்பாருக்கு அழுகை வந்துவிட்டது.

"வந்துட்டானுவ மச்சான். பயப்படாதீங்க. வந்துட்டானுவ."

வந்தவை வண்டியைச் சுற்றி வட்டமாக நின்றன. பிறகு எல்லாம் வலக் கையை உயர்த்தி, உள்ளங்கையை மிக்கேலின் பக்கம் திருப்பிப் பிடித்தன. அந்தக் காலத்தில் படம்பிடிக்கும் கண், மனிதருக்கும் எந்திரத்துக்கும், உள்ளங்கையில்தான் பதிக்கப்பட்டிருந்தது.

"எந்த ஊரு இவங்க?" என்றது ஒன்று.

"ரொம்ப வேகமா வந்திருப்பாங்க" என்றது இன்னொன்று. "பாவம். சின்ன வயசு மாதிரிதான் தெரியுது."

"தண்ணி போட்டிருப்பாங்களோ?"

"யாரும் தொடாதீங்கப்பா. கேஸாயிடும்."

கஸ்பாருக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. தலையில் அடிபட்டதால் ஏதோ தப்பாகக் கேட்கிறது என்று நினைத்தான். ஒரு சாலைத்துணை, வட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் முகமும் மிக்கேலின் முகமும் சேர்ந்து விழும்படி கையை நீட்டியது.

"தூக்குங்களேன்!" என்று கத்தினான். "ஏ, வண்டியத் தூக்குங்க! மனுசன் வேவுதான்!"

"யாராச்சும் தூக்குங்கப்பா" என்றது முதல் எந்திரம், உருக்கமான குரலில்.

"ஆமா, யாராச்சும் தூக்குங்க" என்றன மற்றவை. ஒரு கையும் இறங்கவில்லை.

புகை கறுத்தது. மிக்கேல் கத்துவதை நிறுத்திவிட்டான். அதுதான் கஸ்பாரை எழுப்பியது. முறிந்த தோளிலிருந்து கை தனியே தொங்க, முழங்காலால் நகர்ந்து வந்து, நல்ல கையால் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துத் தூக்கினான். வண்டி மயிரிழைகூட அசையவில்லை.

ஆனால் அவன் கை பட்ட கணத்தில் எல்லாக் கைகளும் இறங்கின. எந்திரங்கள் பாய்ந்து விழுந்தன. வண்டி கூடைபோல் மேலே போனது. ஒன்று மின்கலத்தைப் பிடுங்கி மணலில் வீசியது, அது அங்கே வெடித்தது. ஒன்று மிக்கேலைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டது. ஒன்று தொடையில் கட்டுப் போட்டது. நல்ல கட்டு என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

மிக்கேலின் கால் பிழைத்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். சாலைத்துணைகளுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்கும் பொறியாளர் நிலோபர், காயல்பட்டினத்துப் பெண், இருவரையும் பார்க்க வந்தாள். உட்காரச் சொன்னபிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

"விபத்துன்னா என்ன செய்யணும்னு அதுங்களுக்கு நாங்க தனித்தனியா எழுதி வைக்கலண்ணே. மனுசங்க என்ன செஞ்சாங்களோ அதைப் பாத்துக் கத்துக்கும். இந்த நூற்றாண்டு ஆரம்பத்துல சனங்க போன்ல எடுத்த விபத்துப் படம் கோடிக்கணக்கா இருக்கு. அவ்வளவையும் காட்டினோம்."

"அதுல ஒருத்தனும் தூக்கலியாம்மா?" என்றான் கஸ்பார்.

"எவ்வளவோ பேர் தூக்கியிருப்பாங்கண்ணே. ஆனா தூக்குனவங்க கையில போன் இல்ல. போன் வச்சிருந்தவங்க தூக்கல. எங்களுக்குக் கிடைச்சது போன் வச்சிருந்தவங்க எடுத்த படம்தானே."

கட்டிலில் கிடந்த மிக்கேல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அப்போ அந்த மஞ்சப் பயலுவ மேல தப்பில்ல. எங்க பூட்டன் புத்திதான் அது."

"சில படத்துல, ஒரு ஆள் முதல்ல கை வைப்பாரு. உடனே கூட்டமே பாஞ்சு வரும். அதையும் அதுங்க கத்துக்கிட்டிருக்கு. நீங்க கை வச்சதும் வந்தது அதனாலதான். ஆனா அந்த முதல் ஆள் ஒழுங்காத் தெரியிற படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் முதுகு மறைக்குது, இல்லேன்னா கை ஆடுது." அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. "இப்ப ஒண்ணு இருக்கு. உங்களோடதுண்ணே. எல்லா எந்திரமும் நின்னு எல்லாப் பக்கத்துலருந்தும் எடுத்திருக்கு. இனிமே அதை வச்சுத்தான் சொல்லிக்கொடுக்கப் போறோம். நாடு முழுக்க."

கஸ்பார் அன்றைக்கு மனைவியிடம் அதைப் பலமுறை சொன்னான்.

எலும்புகள் கூடியபின், புதுப் பழக்கம் பெற்ற சாலைத்துணைகளின் வெள்ளோட்டத்துக்கு இருவரையும் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் பழைய கிளைச்சாலை. பந்தல், நாற்காலி, பன்னீர்ச் செம்பு. சாலைப் பாதுகாப்புத் துறைத் தலைவர் சால்வை போட்டார். நடுச்சாலையில் ஒரு வண்டியைச் சாய்த்து, அதனடியில் மனிதனைப்போல ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். தத்ரூபமாக இருக்கட்டுமென்று மின்கலத்தையும் உடைத்துவிட்டார்கள். புகை கிளம்பியது.

சாலைத்துணைகள் ஓடி வந்தன. ஒன்றும் கையைத் தூக்கிப் படம் பிடிக்கவில்லை. எல்லாம் வண்டியைச் சுற்றி மண்டியிட்டன. வண்டியைத் தொடும் தூரத்தில் கைகளை நீட்டி வைத்துக்கொண்டன. பந்தலில் கைதட்டல் எழுந்தது.

நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. எல்லா எந்திரமும் பொம்மையின் முகத்தையே பார்த்தன.

"எந்திரிங்கண்ணே" என்றது ஒன்று பொம்மையிடம், மிகுந்த மரியாதையாக. "நீங்க மொதல்ல கை வைங்க. நாங்க பின்னாடியே இருக்கோம்."

"எந்திரிங்கண்ணே" என்றன மற்றவையும்.

கஸ்பாருக்குப் புரிந்தது. அந்தப் படத்தில் முதல் கை வைத்தவன் யார்? அடிபட்டவன். அடிபட்டுக் கிடக்கிறவன்தான் எழுந்து முதலில் தூக்க வேண்டும் என்று இந்த எந்திரங்கள் கற்றுக்கொண்டுவிட்டன, நாடு முழுக்க நிற்பவையும் இதைத்தான் கற்கப்போகின்றன. புகை கறுத்தது. அடுத்தது என்னவென்று யோசிப்பதற்குள் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்ப் பின்கம்பியைப் பிடித்திருந்தான். வண்டி கூடைபோல் மேலே போனது. மின்கலம் தூரப் போய் விழுந்தது.

பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. நிலோபர் வெளிறிய முகத்தோடு தலைவரிடம் ஓடினாள்.

"சார், இது தப்பு சார். அவரு போய்க் கை வச்ச பிறகுதான்..."

"தூக்குச்சா, இல்லையா?"

"தூக்குச்சு சார், ஆனா..."

"அப்புறம் என்னம்மா? அடுத்த மாசம் எல்லாச் சாலையிலயும் மாத்திடலாம்."

கஸ்பார் வந்து உட்கார்ந்தான். மிக்கேல் ஊன்றுகோலைத் தரையில் தட்டினான்.

"ஏன் வே போய்க் கை வச்சீரு? கெடுத்துப்பிட்டீரே."

"கை தானாப் போயிட்டு மச்சான்."

அதற்குள் ஒரு அதிகாரி குனிந்தபடி வந்தார். "சார், நடுவுல இவரு குறுக்க வந்துட்டாரு. யாருக்கும் படம் சரியா விழல. இன்னொரு தடவை பண்ணிடலாமா?"

தலைவர் தலையசைத்தார். பொம்மையை மறுபடி கிடத்தினார்கள். வேறொரு மின்கலத்தை உடைத்தார்கள். எந்திரங்கள் ஓடி வந்து மண்டியிட்டன, கைகளை நீட்டின, பொம்மையை எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சின. பந்தலில் எல்லோரும் உள்ளங்கையை உயர்த்தியிருந்தார்கள்.

கஸ்பாரின் உடம்பு நாற்காலியிலிருந்து எழும்பியது. மிக்கேல் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "வைக்காதீரும். இந்தத் தடவ வைக்காதீரும். பாக்கட்டும்." கஸ்பார் இழுத்துப் பார்த்தான். நிலோபர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவளும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

புகை கறுத்தது. தீ குபுக்கென்று பிடித்தது. பொம்மையின் கால் எரிந்தது, சட்டை எரிந்தது, ரப்பர் முகம் உருகி ஒழுகத் தொடங்கியது. எந்திரங்கள் மரியாதை குறையாமல் காத்திருந்தன. பந்தலில் இருந்தவர்கள், இன்னும் தெளிவாகத் தெரியட்டுமென்று, எழுந்து முன்னால் வந்து எரியும் வண்டியைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள்.

"ஐயோ, யாராச்சும் அணைங்கப்பா" என்றார் தலைவர், கையை இறக்காமல்.