பதினான்காம் கேமராவில் ஒரு மூட்டை

பதினான்காம் கேமராவில் மூட்டை ஒன்று கிடந்தது. சிமெண்ட் லாரிகள் அதைக் கண்டு ஒதுங்கவில்லை. மேலேயே ஏறிப் போயின. ஆனாலும் மூட்டை ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

பூவிழி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பெரம்பலூர் - அரியலூர் சாலை முழுவதையும் அந்த ஒரே அறையிலிருந்து கண்காணிக்கலாம். வெளியே பங்குனி வெயில் உச்சியில் நின்று கொளுத்திக்கொண்டிருக்க, ஜன்னலில்லாத அந்த அறைக்குள் ஏசியின் முனகலும், சூடேறிய ஒயர் வாசனையும், சுவர் நிறைந்த திரைகளின் நீல வெளிச்சமும்தான். சாலையில் எது கிடந்தாலும் கணினி அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு மணியடிக்கும். ஆள், ஆடுமாடு, மூட்டை என்ற மூன்று பட்டன்களில் ஒன்றை அழுத்தினால்தான் ஓயும். ஆள் என்றால் ஆம்புலன்ஸ் பறக்கும். மூட்டை என்றால் ரோந்து ஜீப் சாவகாசமாகப் போய் எடுத்துப் போடும்.

மணி அடித்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், இதே உச்சிப்பொழுதில், இதே இடத்தில், இதே மாதிரி மூட்டை. ஜீப் ஓட்டும் வைத்திலிங்கம் அப்போதுதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். "மூட்டைதாண்ணே, சாப்புட்டே போங்க" என்று சொன்னவள் பூவிழிதான். ஓரத்தில் ஏதோ ஒரு முறை உயர்ந்து தாழ்ந்ததையும் பார்த்தாள். காற்றில் சாக்கு ஆடுகிறது என்று பட்டனை அழுத்திவிட்டாள். அது சாக்கு இல்லை, ஒரு கை. குன்னத்தில் வெங்காயம் பறித்துவிட்டு வீடு திரும்பிய கலியம்மாளை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டிருந்தது. ஜீப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அந்தக் கை உயர்ந்ததைப் பூவிழி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும், போலீஸ் வரும் என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, பதினாலுல என்ன கெடக்குன்னு பாருங்களேன்" என்றாள் வாக்கிடாக்கியில்.

"அங்கதாம்மா நிக்கறேன். ஒண்ணுமே இல்லியே, வெறும் ரோடுதான் கெடக்கு."

திரையில் அவர் தெரிந்தார். மூட்டையைத் தாண்டித்தான் நடந்தார்.

ஆள் பட்டன் வரை போன விரல் நின்றது. அதை அழுத்தினால் அன்றைக்குச் செய்ததை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று தோன்றியது. மூட்டை என்று அழுத்தினாள்.

மணி ஓய்ந்தது. உடனே பதினைந்தில் அடித்தது.

அதே மூட்டை. இன்னும் கிட்டத்தில். அழுத்தினாள். பதினாறு. அழுத்தினாள். அறைக்குள் பச்சை வெங்காய வாசனை வந்தது, ஈர மண்ணும் அதோடு இன்னொன்றும் கலந்து. பதினேழு. அழுத்தினாள். விரல் மரத்துப் போயிருந்தது.

பதினெட்டு. இந்தக் கட்டடத்தின் வாசல்.

ஆள், ஆள் என்று வாய் முணுமுணுத்தது. இந்த முறை அதைத்தான் அழுத்த நினைத்தாள். கை எழவில்லை.

கடைசித் திரையில் இந்த அறையே தெரிந்தது. காலி நாற்காலி. அதன் அருகே தரையில் மூட்டை.

திரைகள் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? கன்னத்தில் சில்லென்று என்ன?

தரை.

நாற்காலி கிறீச்சிட்டது. அவள் முகத்துக்கு நேரே இரண்டு பாதங்கள் தொங்கின. வெடித்த குதிகால்கள். காயாத சேறு. தலைக்கு மேலே பட்டன் அழுந்தும் சத்தம்.

மணி ஓய்ந்தது.

கதவு திறந்தது. வைத்திலிங்கம். கையில் சோற்றுப் பொட்டலம்.

"எங்க போச்சு இந்தப் பொண்ணு? நாற்காலிகிட்ட எவன் மூட்டையப் போட்டுட்டுப் போனான்?"

அண்ணே. குரல் வரவில்லை. அண்ணே.

உயிரையெல்லாம் திரட்டி ஒரு கையை உயர்த்தினாள்.

வைத்திலிங்கம் ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"ஏசி காத்துல சாக்கு ஆடுது. சாப்புட்டு வந்து எடுத்துப் போடலாம்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெளியே பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது. திரையில், சிவப்புக் கட்டத்துக்குள், அந்தக் கை மெல்லத் தாழ்ந்தது.