அம்மாவின் குச்சிக்குப் புதுத் தோல்

ரேடியோவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் வாய் ஓயாமல் பேசுவதாலும், கேட்ட சத்தத்தை எல்லாம் அப்படியே செய்து காட்டுவதாலும் வீட்டில் அவள் ரேடியோதான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவளுடைய இறகுப்பந்து அலமாரியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்காலி போட்டு ஏறினாள். எட்டவில்லை. ஒட்டடைக் குச்சி மொட்டைமாடியில் இருந்தது. அவ்வளவு தூரம் ஏற யாரால் முடியும்? கதவுக்குப் பின்னால் அம்மாவின் கியூ நின்றுகொண்டிருந்தது.

கியூ என்றதும் கடை வாசலில் ஆட்கள் நிற்கும் வரிசை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்னூக்கர் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் நீளக் குச்சிக்கும் அதுதான் பெயர். ரேடியோவின் அம்மா பகலில் பேருந்து ஓட்டுகிறார், மாலையில் கிளப்பில் ஸ்னூக்கர் ஆடுகிறார். அவருடைய குச்சியை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அப்பா தூசி தட்டுவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

'ஒரே ஒரு தட்டுதானே' என்று ரேடியோ குச்சியை எடுத்தாள். பந்து அசையவில்லை. குச்சியின் நுனி அலமாரிமேல் இருந்த பெட்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தாள்.

டப்!

பொத்தான் அளவில் ஏதோ ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. ஊர்ந்துபோய் எடுத்தாள். குச்சியின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல்! பாதி பிய்ந்து வாயைப் பிளந்திருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு அம்மாவுக்கு இறுதி ஆட்டம். மூன்று வருடமாக முட்டி மோதி இந்த வருடம்தான் இறுதிக்கு வந்திருக்கிறார். தோல் இல்லாத குச்சியால் அடித்தால் பந்து வழுக்கிக்கொண்டு எங்கேயோ போகும். ரேடியோவுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே இருந்த அப்பாவின் சலூனுக்கு ஓடினாள்.

அப்பா ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரிக்கோல் நின்றது.

"உங்கம்மா குச்சியையா?"

"ஆமாப்பா."

"போச்சு! சரி, சரி, அழாதே. அவ டிப்போவிலேருந்து வர ரெண்டு மணி ஆகும். நீ ஓடிப்போய்ப் புதுத் தோல் வாங்கிட்டு வா. நான் ஒட்டித் தர்றேன்."

ரேடியோ உடனே ஓடவில்லை. கடையில் அளவு கேட்பார்களே! பழைய தோலை அளவுக்குக் கொண்டுபோக முடியாது. அது அடி வாங்கி வாங்கிப் பரந்துபோயிருந்தது. வீட்டுக்குப் போய்க் குச்சியின் நுனியில் இருந்த பித்தளைப் பூணில், அடி வழுக்காமலிருக்க அம்மா பூசும் நீலச் சாக்கட்டியைத் தேய்த்தாள். கைக்கு அகப்பட்ட கணக்கு நோட்டில் அழுத்தினாள். அழகான நீல வட்டம் விழுந்தது. அந்த நோட்டோடு கடைக்குப் போனாள்.

விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடி மேசையில் தோல்கள் குவிந்து கிடந்தன.

"டப்பாவைக் கவுத்துட்டேன் பாப்பா. கெட்டி, நடுத்தரம், மிருது, மூணும் கலந்துபோச்சு. எல்லாம் ஒரே நிறம், பாத்தா தெரியல. குத்துமதிப்பா ஒண்ணு எடுத்துக்கோயேன்."

"குத்துமதிப்பா வேணாம்க்கா. கெட்டித் தோல்னா பந்தை உதைக்கிற மாதிரி இருக்காம். மிருதுன்னா கொழகொழன்னு இருக்காம். எங்கம்மாவுக்கு நடுத்தரம்தான்."

"அதைத்தானே கண்டுபிடிக்க முடியல!"

ரேடியோ யோசித்தாள். தினமும் மாலையில் கிளப்பின் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். தலையை நிமிர்த்தாமலே யார் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். கெட்டித் தோல் வைத்திருக்கும் மருந்துக் கடைக்காரர் அடித்தால் 'டக்'. அம்மா அடித்தால் 'டொக்'. அடிக்கும்போதே சத்தம் மாறுகிறது என்றால், கீழே போட்டாலும் மாறத்தானே வேண்டும்?

ஒரு தோலை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டாள். 'டிக்' என்று துள்ளியது. அடுத்தது 'தொப்' என்று சோம்பேறியாக விழுந்தது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் 'டொக்' என்றது.

"இது கெட்டி. இது மிருது. இது நடுத்தரம்."

அக்காவும் போட்டுப் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது!"

"இன்னொரு தடவை போடுங்க. கண்ணை மூடிக்கிட்டு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு போட்டார். "அட!" என்றார்.

அரை மணி நேரத்தில் மூன்று குவியல்களும் பிரிந்தன. நடுக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீல வட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தாள் ரேடியோ. வட்டம் முழுதாக மறைய வேண்டும், சுற்றிலும் மயிரிழை கூடுதலாக இருக்க வேண்டும், சீவிக்கொள்ளலாம். சின்னதாகப் போனால் இழுத்து நீட்ட முடியாது. அப்படி ஒன்று கிடைத்தது. அதே மாதிரி இன்னொன்றையும் அக்கா கொடுத்தார்.

"கைவசம் இருக்கட்டும். என் தலைவலியைத் தீத்து வெச்சியே!"

அவள் வீட்டிலிருந்து குச்சியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது சலூன் நாற்காலியில் பாதி முகம் நுரையோடு வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அது கணக்கு நோட்டுதானே?"

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கு சார்! "ஆமா சார்."

"நான் வட்டம் எதுவும் போடச் சொல்லலியே."

"இது அளவுக்குப் போட்டது சார்."

"அளவு சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப சரி" என்று சார் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல அந்த வேலையைப் பாருங்க. எனக்கு அவசரம் இல்ல."

ரேடியோ உப்புத்தாளால் பூணின் மேல் இருந்த பழைய பசையைத் தேய்த்து எடுத்தாள். புதுத் தோலின் அடிப்பக்கத்தையும் லேசாகத் தேய்த்தாள். அப்பா பசையை எடுத்தார்.

"ஒரு சொட்டு போதும்ப்பா."

"எனக்குத் தெரியாதா?" என்று அப்பா மூன்று சொட்டு விட்டார். தோலை வைத்து அழுத்தினார். கையை எடுத்தார். தோலும் கையோடு வந்தது. கட்டைவிரலில் கம்பீரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப நீங்கதான் கியூ" என்றாள் ரேடியோ.

"தோல் ஒட்டலேன்னா தோல்வி ஒட்டிக்கும்" என்றது நுரை.

வெந்நீரில் ஊறவைத்து விரலை மீட்க ஒரு கால்மணி நேரம் ஆனது. அந்தத் தோல் கந்தலாகிவிட்டது. கடைக்கார அக்கா வாழ்க! இரண்டாவது தோலுக்கு ரேடியோவே பசை விட்டாள். ஒரே சொட்டு. அப்பா நடுவில் வைத்து, நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். அது காய்வதற்குள் சாரின் முகத்தையும் முடித்தார்.

அடுத்து அப்பாவின் நேரம் வந்தது. குச்சியைத் தலைகீழாகப் பிடித்து, தோலை ஒரு பலகைமேல் ஊன்றி, சவரக்கத்தியால் சுற்றிலும் நீட்டியிருந்ததைச் சீவினார். கிருதா ஒதுக்கும் கைக்கு அது ஒரு வேலையா? பூணும் தோலும் ஒரே வழவழப்பாக நின்றன. ரேடியோ உப்புத்தாளால் மேலே குவிந்த வடிவம் கொண்டுவந்தாள்.

அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பிரமாதம்! உங்கம்மாவுக்குச் சத்தியமாத் தெரியாது. நீயும் சொல்லாதே, நானும் சொல்லல. ஆட்டத்துக்கு முன்னாடி அவ மனசை ஏன் கெடுக்கணும்?"

ரேடியோவுக்கு நிம்மதியாக இருந்தது. திட்டு இல்லை, முறைப்பு இல்லை. சலூன் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

ஆடிய கால் நின்றது. போன தடவை அம்மா தோல் மாற்றியபோது என்ன ஆனது? முதல் நாள் முழுக்க வழுக்கல்தான். "புதுச் செருப்பு மாதிரி, பழகணும்" என்றார் அம்மா. இன்றைக்குத் தெரியாமல் போய் ஆடினால், முதல் வழுக்கல் இறுதி ஆட்டத்தில்தான்!

"அப்பா, மணி என்ன?"

"ஒண்ணே முக்கால். ஏன்?"

ரேடியோ துள்ளி எழுந்தாள். குச்சியை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் இருந்த டிப்போவுக்கு ஓடினாள்.

அம்மா பேருந்திலிருந்து இறங்கினார். மகளைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். முகம் மாறியது.

"அம்மா, நான் உங்க குச்சியால இறகுப்பந்து எடுக்கப் பாத்தேன். தோல் பிஞ்சுபோச்சு. வேற ஒட்டியிருக்கோம். நடுத்தரம்தான், சத்தம் கேட்டுத்தான் எடுத்தேன். ஆனா புதுசும்மா. பழகணும்."

அம்மா உறையைத் திறந்து தோலை நகத்தால் அழுத்திப் பார்த்தார். விரலால் ஒரு சுற்று தடவினார்.

"யார் ஒட்டினது?"

"அப்பாவும் நானும். முதல்ல அப்பா விரல்ல ஒட்டிட்டார். ரெண்டாவதுதான் குச்சில."

அம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை. "எனக்குக் கோபம்தான். அதை ஆட்டம் முடிஞ்சதும் வெச்சுக்கலாம். இப்ப நட."

கிளப்பில் மேசை காலியாக இருந்தது. முதல் அடி வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. ரேடியோ நகத்தைக் கடித்தாள். அம்மா சாக்கட்டி தேய்த்துத் தேய்த்து அடித்துக்கொண்டே இருந்தார். முப்பதாவது அடியோ நாற்பதாவதோ, அந்தச் சத்தம் வந்தது.

டொக்.

அம்மா திரும்பிப் பார்த்தார். ரேடியோ தலையாட்டினாள்.

இறுதி ஆட்டத்தில் எதிரே மருந்துக் கடைக்காரர். டக், டொக், டக், டொக் என்று இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். அதைக் குழியில் போடுபவருக்கே வெற்றி. அம்மா குனிந்தார். ரேடியோ கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

டொக். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு, பந்து குழியில் விழும் சத்தம். கைதட்டல் எழும் முன்பே ரேடியோ குதித்துவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டார். "இப்பக் கோபப்படலாமா?"

"படலாம்மா."

"மொட்டைமாடிக்கு எத்தனை படி?"

"பதினெட்டு."

"பதினெட்டுப் படி ஏறச் சோம்பல்!" அம்மா அவள் காதைப் பிடித்துத் திருகினார். வலிக்கவே இல்லை. "நல்ல காதுதான். அதனால விடறேன். ஆமா, அந்தப் பந்து என்னாச்சு?"

ரேடியோ நின்றுவிட்டாள். பந்து இன்னும் அலமாரிமேல்தான் இருந்தது!

மறுநாள் காலை கதவுக்குப் பின்னால் அம்மாவின் கியூவுக்குப் பக்கத்தில் ஒட்டடைக் குச்சியும் நின்றது. அதன் கைப்பிடி முனையில் பிய்ந்த பழைய தோல் ஒட்டப்பட்டிருந்தது.

"இது உன் கியூ" என்றார் அம்மா.

ரேடியோ நாற்காலியில் ஏறி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து அடித்தாள். இறகுப்பந்து அப்பாவின் தலையில் வந்து விழுந்தது.

"சத்தம் சரியில்ல" என்றாள் ரேடியோ. "ஆனா பந்து விழுந்துடுச்சு."