நங்கூரத்துக்கு ஒரு குடம்

நங்கூரம் என்று பெயர் வைத்தால் நாய் ஓரிடத்தில் நிற்கும் என்று சிலுவைமுத்து நினைத்தார். அது அவர் தப்பு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நங்கூரம் ஏறிப் பார்க்காத படகும் இல்லை, மோந்து பார்க்காத கூடையும் இல்லை. உடம்பெல்லாம் வெள்ளை. ஒரு காது மட்டும் கறுப்பு.

சிலுவைமுத்து விசைப்படகில் வேலை செய்பவர். நாயைப் பற்றி அவருக்குப் பெருமை தாங்காது.

"வேகவச்ச சோறு துன்றது வூட்டு நாய். என் நாய் பச்ச மீனத் தவிர இன்னாத்தையும் தொடாது. இது கடல் நாய்" என்று ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

படகு கரைக்கு வந்தால், விலை போகாத பொடிமீனில் முதல் கை நங்கூரத்துக்குத்தான். வீட்டில் அவர் மனைவி இருதயம்மாள் இறால் உரிக்கும்போது சேரும் தலையும் ஓடும் அதற்கே. மீன் கழுவிய தண்ணீரையும் அதன் சட்டியில்தான் ஊற்றுவார்கள். தெருவில் மீன்காரர் வீட்டு நாய்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தன. யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

2003ஆம் ஆண்டுக் கோடையில்தான் ஓடிக்கொண்டிருந்த நங்கூரம் நிற்க ஆரம்பித்தது.

முதலில் கவனித்தவள் பிலோமி. சிலுவைமுத்துவின் ஒரே மகள், பத்து வயது. விளக்குக் கம்பத்தடியில் நங்கூரம் காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. ரொம்ப நேரம் கழித்து ரெண்டு சொட்டு விழுந்தது. அடுத்த கம்பத்துக்குப் போய் மறுபடியும் அதே கதை. பிறகு வாசற்படியில் சொட்டியது. பாயில் சொட்டியது. கடைசியில் ஒருநாள், லாரித் தண்ணீருக்காக வரிசையில் வைத்திருந்த குடங்களின் பக்கத்தில் போய்ச் சொட்டிவிட்டது.

அங்கேதான் வந்தது வினை.

அது புழல் ஏரி வற்றி வெடித்துக் கிடந்த வருஷம். குழாயைத் திறந்தால் காற்று வரும். அடிபம்பை அடித்தால் உப்புத் தண்ணீர் வரும். குடிக்கிற தண்ணீர் என்றால் லாரிதான். அந்தத் தெருவில் லாரித் தண்ணீருக்கு அதிகாரி ஆவுடையம்மாள். அவளை யாரும் அந்த வேலையில் வைக்கவில்லை. அவள் குரல் வைத்தது. 'வூட்ல எத்தினி தலையோ அத்தினி குடம்' என்பது அவள் போட்ட சட்டம். அதனால் தெருவில் சண்டை குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இன்னா சிலுவ, கலீஜ் பண்ணிகினு கீது உன் நாயி" என்றாள் ஆவுடையம்மாள். "குடிக்கிற தண்ணி வைக்கிற எடம் இது. ஞாயித்துக்கெழமைக்குள்ள எண்ணூர் பக்கமா கொண்டு போயி வுட்டுடு. இல்லாங்காட்டி நாய் புடிக்கிற வண்டிக்காரனுக்குச் சொல்லி வுட்டுருவேன்."

சிலுவைமுத்து தலையைச் சொறிந்தார். புயலுக்கே பயப்படாத மனிதர் ஆவுடையம்மாளுக்குப் பயப்படுவார். தெருவே அப்படித்தான். பூனைக்கு யார் மணி கட்டுவது?

"வுட முடியாது" என்றது ஒரு குரல்.

ஆவுடையம்மாள் சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் கீழே பார்த்தாள். பிலோமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா சொன்ன?"

"வுட முடியாது பெரிம்மா. அதுக்கு ஒடம்பு சரியில்ல. போன வருசம் உங்களுக்குக் கல்லடப்பு வந்து தெருவே எழுந்துக்கிற மாதிரி கத்தினீங்களே, உங்கள யாராச்சும் எண்ணூர்ல கொண்டு போயி வுட்டாங்களா?"

இருதயம்மாள் ஓடி வந்து மகள் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அதற்குள் பாதித் தெரு முந்தானையால் வாயை மூடிச் சிரித்துவிட்டது.

அன்று சாயங்காலம் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் நங்கூரம் விட்ட சொட்டு ரோஸ் நிறத்தில் இருந்தது. ரத்தம். நங்கூரம் அந்த இடத்தை நக்கிவிட்டு, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்தது.

பிலோமிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நைனா, நாளைக்கு இத ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போகணும்."

"கடல் நாய்க்கு இன்னா நோவு வரும்? வெயிலு சூடும்மா. தானா செரியாப் பூடும்."

மறுநாள் காலையில் அம்மாவின் மீன் கூடைகளை ஏற்ற பிராங்கிளினின் மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் வண்டியில் ஏற்கெனவே ஆள் இருந்தது. பிலோமியும் நங்கூரமும்.

"எறங்குடி" என்றாள் அம்மா.

"மாட்டேன்."

"மீன் நாறிப் பூடும்."

"நாறட்டும். இது செத்துப் பூட்டா நீ வேற நங்கூரம் குடுப்பியா?"

பிராங்கிளின் பெடலில் காலை வைத்தபடி சொன்னான்: "அக்கா, மீன எறக்கிட்டு நான் வேப்பேரிப் பக்கம்தான் போறேன். பொண்ணு எறங்கற மாதிரி தெரியல."

சிலுவைமுத்து பெருமூச்சு விட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார்.

வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் சங்கமித்ரா நங்கூரத்தின் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். அது முனகியது. டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல அது மூத்திரம் கொஞ்சம் புடிச்சிட்டு வாங்க. உடனே கொண்டு வரணும். ஆற வச்சா அதுவா உப்புக் கட்டி நம்மள ஏமாத்திடும்."

சொல்வது சுலபம். சிலுவைமுத்து கிண்ணத்தோடு மரத்துக்கு மரம் ஓடினார். நங்கூரம் காலைத் தூக்கும், அவர் குனிவார், அது வெட்கப்பட்டுக் காலை இறக்கிவிடும். ஆடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள், கோழி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

"நைனா, துரத்துனா மீன் மாட்டுமா?" என்றாள் பிலோமி.

தலையில் இருந்த ரிப்பனை அவிழ்த்தாள். கிண்ணத்தை ஒரு நீளக் குச்சியின் முனையில் கட்டினாள். ஒரு மரத்தடியில் போய், நங்கூரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூண்டில் போட்டவள் மாதிரி பேசாமல் உட்கார்ந்தாள். நங்கூரம் வந்தது. மோந்தது. காலைத் தூக்கியது. குச்சி மெதுவாக நகர்ந்து கீழே போனது.

கிடைத்தது சோடா மூடி அளவுதான். அது போதும் என்றார் டாக்டர்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பிலோமியைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பிலோமி ஒரு கண்ணை மூடினாள். உள்ளே கண்ணாடியில் செய்த குட்டிக் குட்டிப் பெட்டிகள் சிதறிக் கிடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன.

"இதான் குத்துது அதுக்கு" என்றார் டாக்டர். "உப்புப் படிகம். கூடவே கிருமியும் இருக்கு. இதுங்க சேந்து கல்லாகி வழிய அடச்சா, உயிருக்கே ஆபத்து. என்னா போடுறீங்க சாப்பிட?"

சிலுவைமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "பச்ச மீனு. எறா தல, ஓடு, நண்டுக் காலு. கடல் நாய் டாக்டரம்மா."

"தண்ணி?"

அவர் மகளைப் பார்த்தார்.

"மீன் கழுவுன தண்ணி" என்றாள் பிலோமி மெதுவாக. "அடிபம்புத் தண்ணில கழுவுவோம். உப்பு. அது ரெண்டு நக்கு நக்கிட்டுப் பூடும்."

சொல்லிவிட்டு மறுபடியும் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். வள்ளூர்ப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது பார்த்த உப்பளம் ஞாபகம் வந்தது. பாத்தியில் தண்ணீர் குறையக் குறைய உப்பு பூக்கும்.

"டாக்டர், தண்ணி கம்மியானதாலதான் உள்ள உப்பு பூத்துக்கிச்சா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் ஒரு காரணம். பச்ச மீன் மேல மட்டும் பழி போட மாட்டேன். கிருமி, ஓடு, முள்ளு, தண்ணி இல்லாதது, எல்லாம் கூட்டுச் சேந்துடுச்சு."

கிருமிக்கு மாத்திரை கொடுத்தார். நடுவில் நிறுத்தக் கூடாது. ஓடும் முள்ளும் வேண்டாம். மீனை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு தண்ணியாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். அடிக்கடி வெளியே கூட்டிப்போக வேண்டும். சொட்டுகூட வராமல் நின்றுவிட்டால் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும்.

"முக்கியமா நல்ல தண்ணி. சட்டி காயவே கூடாது" என்றார்.

அந்த வருஷம் அவர் தினமும் தங்கம் கொடுக்கச் சொல்லியிருந்தால்கூடச் சிலுவைமுத்து அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமி ஒரு தட்டில் அடிபம்புத் தண்ணீரை ஊற்றி மதில்மேல் வெயிலில் வைத்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் லாரி நாள். வீட்டில் மூன்று தலை, மூன்று குடம். பிலோமி நான்காவதாக ஒரு சின்னக் குடத்தை வைத்தாள்.

ஆவுடையம்மாளின் கண்ணுக்கு அது தப்புமா?

"யாருடி இது நாலாவது தல?"

"நங்கூரம்."

தெரு சிரித்தது. ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிலோமி அதை மறுபடியும் வரிசையில் வைத்தாள். ஆவுடையம்மாள் எடுத்தாள். பிலோமி வைத்தாள்.

"மனுசனுக்கே நாக்கு வறண்டுகினு கீது. நாய்க்குக் குடமா? ஞாயித்துக்கெழம ஞாபகம் வச்சுக்கோ."

"கொஞ்சம் இருங்க பெரிம்மா."

பிலோமி ஓடிப்போய் மதில்மேல் இருந்த தட்டை எடுத்து வந்து நீட்டினாள். தண்ணீர் வற்றியிருந்தது. அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"தண்ணி பூட்ச்சு, உப்பு நின்னுகிச்சு. நங்கூரம் வயித்துலயும் இதான். டாக்டர் காட்டினாங்க, நான் கண்ணால பாத்தேன். அது வேணும்னு கலீஜ் பண்ணல. குத்துது அதுக்கு. கல்லடப்பு வர்ற மாதிரி கீது."

கல்லடைப்பு என்றதும் ஆவுடையம்மாளின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"உங்களுக்கு டாக்டர் இன்னா சொன்னாரு பெரிம்மா?"

ஆவுடையம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"தண்ணி நெறைய குடின்னு சொன்னாரு. உங்க வூட்டுக்கு ஒரு குடம் சேத்துக் குடுத்தாங்க. எங்கம்மாகூட எங்க வூட்டுக் குடத்த தூக்கிகினு வந்து குடுத்துச்சு. அப்போ யாரும் தலய எண்ணல." பிலோமி ஒரு கையால் தன் குடத்தை முன்னால் இழுத்தாள். "நீங்க வேணாம்னா வேணாம். என் குடத்த அதுக்குக் குடுத்துர்றேன். என் தல, என் தண்ணி. ஆனா எண்ணூர்ல வுட மாட்டேன். வண்டிக்காரன் வந்தா என்னையும் சேத்து ஏத்திகினு போவட்டும்."

நங்கூரம் பிலோமியின் காலடியில் உட்கார்ந்து, கறுப்புக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

ஆவுடையம்மாள் தட்டைப் பார்த்தாள். விரலால் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தாள். பிறகு தன்னுடைய குடத்தைக் காலால் பின்னால் தள்ளி, அந்த இடத்தில் சின்னக் குடத்தை வைத்தாள்.

"நாலாவது தல. ஆனா அரக் குடம்தான்" என்றாள். "குடத்தாண்ட மட்டும் அது வரக் கூடாது. வந்துச்சு, அப்புறம் என்னாண்ட பேஜாராப் பூடும்."

"வராது பெரிம்மா."

தண்ணீர்ச் சண்டை முடிந்தது. சாப்பாட்டுச் சண்டை ஆரம்பித்தது. கரைத்த மீன்சோற்றை நங்கூரம் மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைத்த சோறு வைத்தபடி கிடந்தது.

"நான்தான் சொன்னேனே, கடல் நாய்" என்றார் சிலுவைமுத்து. அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது. ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"நைனா, கையக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டு."

உள்ளங்கையில் நாலு இறால் தலை.

"கடல் நாய் செத்துப் பூட்டா ஊர்ல யாருகிட்ட பெரும பேசுவ நைனா?"

சிலுவைமுத்து இறால் தலைகளைக் குப்பையில் போட்டார். சட்டியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரைத்த சோற்றை விரலில் எடுத்து நங்கூரத்தின் மூக்கில் தடவினார். அது நக்கியது. யோசித்தது. இன்னொரு தடவை நக்கியது. பிறகு சட்டிக்குள் தலையை விட்டது.

"வூட்டு நாயா ஆயிட்டான்" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரை தீர்ந்தது. மறுபடியும் வேப்பேரிக்குப் போய், மறுபடியும் குச்சியில் கிண்ணம் கட்டி, மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டி ஒன்றுகூட இல்லை. "தண்ணிய மட்டும் விட்டுடாத" என்றார் டாக்டர்.

அடுத்த லாரி வந்த அன்று நங்கூரம் குடங்களின் பக்கம் போகவில்லை. நேராக லாரியின் முன் சக்கரத்துக்குப் போனது. காலைத் தூக்கியது.

தெருவே திரும்பிப் பார்த்தது.

வந்தது. சொட்டு இல்லை. ஒரே தாரை. சர்ரென்று சக்கரத்தில் அடித்து, ரோட்டில் ஓடி, சாக்கடை வரைக்கும் போனது. நங்கூரம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நின்றது. டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துத் திட்டினார். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு நாய் மூத்திரம் போனதற்கு ஒரு தெருவே கை தட்டியதை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

"குடிச்ச தண்ணிய லாரிக்கே திருப்பிக் குடுத்துட்டான்" என்றாள் ஆவுடையம்மாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயைப் பிடித்தாள். "செரி, செரி. அடுத்த குடம் யாருது?"

பிலோமி சின்னக் குடத்தை முன்னால் தள்ளினாள்.

"நங்கூரத்துது."