சாம்பல் கட்டம்

திரையில் ஆரணிக்கு மேல் ஒரே ஒரு கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. சுற்றிலும் சிவப்பும் பச்சையும். சிவப்பு, சென்னை வானிலை ராடாரை விட்டு விலகும் காற்று. பச்சை, அதை நோக்கி வரும் காற்று. சாம்பல் என்றால் அசைவே இல்லை.

ஹேமநாத் தன் பிரவுசிங் சென்டரை விடிந்ததும் திறப்பது இந்தப் படத்துக்காகத்தான். காற்றடித்தால் இழைகள் சிக்கிவிடும் என்பதால், அவன் பார்த்துச் சொன்ன பிறகே அந்தத் தெருவில் பட்டுத்தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுவார்கள். இன்று நீட்ட வேண்டியது அவன் மனைவி சுகன்யாவின் பாவு.

"ஜல்தி சொல்லுங்க, நீட்டலாமா வாணாமா?" வாசலில் நின்று கேட்டாள்.

அவன் சார்லிக்குப் போன் போட்டான். கல்லூரி விடுதியில் அவனோடு ஒரே அறையில் கிடந்தவன். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இந்தப் படங்களைத் தயாரிக்கிறான்.

"நடுவுல ஒரு கட்டம் சும்மா கீதே, இன்னாடா அது?"

"அங்க காத்து இல்லடா. தைரியமா நீட்டச் சொல்லு."

"நீட்டு," என்றான் ஹேமநாத்.

"உங்க சார்லி சொன்னா சாமி சொன்ன மாதிரி," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பக்கத்துத் தெரு விசைத்தறிகளின் தடதடப்பு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிப்போக, பாவுக்குத் தடவும் கஞ்சியின் புளித்த வாடை தரையோரமாக உள்ளே ஊர்ந்து வர, கிணற்றின் அடியில் மூழ்கியவனைப்போல அவன் காதுகள் அடைத்துக்கொண்டன. காக்கைகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. படம் புதிதாக வந்தது. மற்ற கட்டங்கள் நகர்ந்திருந்தன. சாம்பல் நகரவில்லை.

சார்லி எப்போதோ கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு மூலப்படத்தைத் திறந்தான். இத்தனை தூரத்தில் ராடாரின் கதிர் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அப்படி அடுத்தடுத்த கதிர்கள் பார்ப்பதையெல்லாம் வலைத்தளம் ஒரே கட்டமாகக் கூட்டிக் காட்டும். மூலப்படத்தில் அந்தக் கட்டம் உடைந்தது. உள்ளே ரத்தச் சிவப்பும் கரும்பச்சையும் ஒட்டி நின்றன. போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாகியிருந்தன.

மறுபடி போன்.

"உள்ள சுத்துதுடா சார்லி."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூணு நாளா பாத்துகினு கீறேன். படவேட்டுல நின்னுச்சு. வெளிய ஆளு இருந்தா அங்கயே நிக்குது. இல்லன்னா நகருது." மூச்சு வாங்கினான். "ஆரணியில யாரும் வெளிய இல்லன்னா அடுத்தது செய்யாருடா. எங்கம்மா அங்கதான் கீறாங்க."

"அங்க சுகன்யா நிக்கிறாடா, பாவி!"

போன் கட்டாகிவிட்டது.

ஓடினான். தெருவில் காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. பாவு கட்டும் கழிகள் மட்டும் கிடந்தன. பாவு தரையில் இல்லை. மேலே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

தெருக்கோடியில் சுகன்யா. தனியாக. முதுகைக் காட்டிக்கொண்டு.

"சுகன்யா!"

திரும்பினாள். முகம் அவன் பக்கம் வந்தது. அவனைப் பார்த்தது. தாண்டிப் போனது.

முதுகுப் பக்கமாகச் சுற்றி மறுபடி வந்தது.

பாதங்கள் அசையவே இல்லை.