கடைசி வண்டிக்கு வைத்த கை

மார்கழிப் பனியில் நாங்கள் நாலு பேரும் கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்தபோது, கடலிலிருந்து கரையேறியவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரத்தில் கருவாட்டு வாடை. நான் தமீம் அன்சாரி, காரைக்காலில் பைக் மெக்கானிக். பேய்க்கதை சொல்கிறவர்களைக் கடையில் உட்காரவைத்துக் கிண்டல் செய்கிற ஆள். இதை நானே சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல்தான்.

அன்றைக்கு ஹரிஹரன் அண்ணனின் முதல் வருஷ நினைவு நாள். அவர் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர். பாரிஸில் ஓட்டல் வேலையில் இருந்த காலமெல்லாம், லீவு கிடைத்தால் ஐல் ஆஃப் மேன் தீவுக்கு ஓடிவிடுவார். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கிற அந்தச் சின்னத் தீவில், நூறு வருஷத்துக்கு மேலாக ஊர் ரோட்டிலேயே பைக் பந்தயம் நடக்கிறது. மற்ற நாட்களில் தபால்காரர் போகிற ரோடு. வீட்டுச் சுவர்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் நடுவே பறப்பார்கள். செத்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். ஆனாலும் ஊரே சுவரில் ஏறி உட்கார்ந்து பார்க்குமாம்.

"கும்பலா விடமாட்டாங்க தமீம். பத்து செகண்டுக்கு ஒருத்தன். கெளப்பி விடுறவரு கை தோள்ல இருக்கும். அது தட்டுனா கெளம்பணும். தட்டிட்டா அப்புறம் நிக்கப்படாது. பின்னாடி அடுத்தவன் வந்துக்கிட்டிருக்கான்" என்பார்.

ஊர் திரும்பியதும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை வைத்து இங்கேயும் அதை ஆரம்பித்துவிட்டார். விடிந்ததும், ஆள் நடமாட்டம் கூடுவதற்குள். அந்தக் காலத்துப் பந்தய வாசனை வேண்டும் என்று ஆயிலில் விளக்கெண்ணெய் கலப்பார். புகை இனிப்பாக நாறும். எல்லார் தோளிலும் கை வைத்து அனுப்பிவிட்டு அவர் கடைசியாகக் கிளம்புவார். திரும்பி வருகிறவர்களுக்கு நான் காட்டும் கொடி, அவருடைய கட்டம் போட்ட கைலிதான். கடைசி வண்டிக்கும் அதை ஆட்டினால்தான் பந்தயம் முடிந்ததாக அர்த்தம்.

போன மார்கழியில் அவர் மட்டும் திரும்பவில்லை. வாய்க்கால் மதகில் மோதிக் கிடந்தார்.

நான் சரிசெய்து வைத்திருந்த அவர் வண்டியைப் பார்க்க, அவர் மனைவி வெண்மதி அண்ணி கடைக்கு வந்தார். சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எல்லார் தோள்லயும் அவரு கை வச்சாரு தம்பி. அவருக்குத்தான் யாருமே வைக்கல."

அது என் நெஞ்சில் தைத்துவிட்டது.

அதனால்தான் நினைவு நாளில் அப்படிச் செய்தேன். மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தட்டி அனுப்பினேன். கடைசியாகப் போனவன், அண்ணன் என்பதால் என்னை 'நானா' என்று கூப்பிடுகிற என் தம்பி ஜெகபர் சாதிக். அவனுக்குப் பின்னால், ஹரிஹரன் அண்ணனின் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தோம். பத்து செகண்ட் விட்டு, வெறும் சீட்டுக்கு மேலே, தோள் இருக்கவேண்டிய உயரத்தில் கை வைத்தேன்.

தட்டினேன்.

கைக்குக் கீழே காற்று விலகியது. பனிக்குள் விளக்கெண்ணெய்ப் புகை நாறியது. வண்டி அசையவே இல்லை.

சாதிக் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நானா, எனக்குப் பின்னாடி யாரு வந்தா?"

"யாரும் வரலயேடா."

"வந்தாங்க. வண்டிச் சத்தம் கேட்டுச்சு."

அன்றிலிருந்து அவன் எப்போது வண்டி எடுத்தாலும் பின்னால் அந்தச் சத்தம். பட்டப்பகலில், டி.ஆர். பட்டினத்துக்கு வேலைக்குப் போகிற வழியில், பஸ் ஹாரனுக்கு நடுவிலும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் வெறும் ரோடு. நாளுக்கு நாள் அது நெருங்கியது.

"மெதுவாப் போனா கிட்ட வருது நானா. வெரட்டி ஓட்டுனாத்தான் தள்ளி நிக்குது."

சாவியைப் பிடுங்கி வைத்தேன். நடந்து போனான். அது இன்னும் மோசம். நடக்கிறவனை எட்டிப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிவாசல் சந்துவரை வந்தது என்று ஓடிவந்து கதவைச் சாத்தினான். உம்மா ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழுத்துல சூடு படுது நானா."

பேய்க்கு நான் பயப்படவில்லை. தம்பி என் கையை விட்டுப் போய்விடுவானே என்றுதான் பயந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹரிஹரன் அண்ணனைத் தட்டிக் கிளப்பிவிட்டவன் நான். கொடி காட்டவே இல்லை. அவருக்குப் பந்தயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணியிடம் கைலியை வாங்கிக்கொண்டு, விடிந்ததும் அதே ரோட்டுக்குப் போனேன். சாதிக்கிடம் சாவியைக் கொடுத்தேன். மதகுவரை போய் அசுர வேகத்தில் திரும்பி வந்தான். என்னைக் கடந்து போனான்.

அவனை ஒட்டியே சத்தம் வந்தது.

வண்டி இல்லை.

பனி மட்டும் இரண்டாகப் பிளந்தது.

"வந்துட்டீங்கண்ணே! முடிஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே கைலியை ஆட்டினேன்.

சூடான காற்று முகத்தில் அடித்துவிட்டுப் போனது. சத்தம் அப்படியே அடங்கியது.

தூரத்தில் சாதிக் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "போயிருச்சு நானா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கைலியை மடித்து வைத்து, என் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

வலது தோளில் ஒரு கை விழுந்தது.

கிளவுஸ் போட்ட, கனமான கை. கூடவே விளக்கெண்ணெய் வாடை. ஓட்டம் முடிந்தவர் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று புரிந்தது. சாவியைத் திருகாமல் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

சாதிக் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறான். அது போதும் எனக்கு. ஆனால் கை இறங்கவில்லை. கடையில் குனிந்து ஸ்பேனர் பிடிக்கும்போதும் இருக்கிறது. தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பும்போதும் இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் இருக்கிறது.

இன்னும் தட்டவில்லை.